சரண் கேட்பவர் அபயம் தருவாரா? - ‘நிபந்தனையற்ற சரண்’ என்ற கோரிக்கை இன்றைய போர்களில் எடுபடுமா?

2025 ஜூன் மாதம். சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை. டிவியில் இஸ்ரேல் - ஈரான் சண்டைச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க அதிபர் ட்ரம்ப் தன் ட்ரூத் சோஷியல் பக்கத்தில் இரண்டே வார்த்தையில் ஒரு பதிவு போட்டிருந்தார்: ‘நிபந்தனையற்ற சரண்!’

ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அடிச்சா இப்படித்தாண்ணே அடிக்கணும். பாதில விட்டா திரும்ப எந்திரிச்சு வருவான். முழுசா கால்ல விழவைக்கணும்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கால்ல விழுறவன எட்டி உதைக்க மாட்டேன்னு யாருப்பா கேரண்டி? அதச் சொல்லாம எவன் வந்து விழுவான்?”

கடையில் இருந்த யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி ஈரானைப் பற்றியது மட்டும் இல்லை என்பது அங்கிருந்த பெரியவர்களுக்காவது புரிந்திருக்கும். ‘சரணடை, இல்லையேல் சாவு’ என்ற வாக்கியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2009-ல் பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த ஊர் இது.

அந்தப் பதிவு வந்து ஒரு வாரத்துக்குள், ஜூன் 24-ம் தேதி, போர்நிறுத்தம் வந்துவிட்டது. யாரும் யாரிடமும் சரணடையவில்லை. அப்படியானால் இந்தக் கோரிக்கைக்கு இன்றைக்கு அர்த்தம் இருக்கிறதா? வெறும் மேடைப் பேச்சா? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 பிப்ரவரியில், டொனெல்சன் கோட்டையை முற்றுகையிட்ட யுலிசஸ் கிராண்ட், ‘நிபந்தனையற்ற, உடனடிச் சரண் தவிர வேறெதையும் ஏற்க முடியாது’ என்று எதிர்த் தளபதிக்கு எழுதி அனுப்பினார். பெயரின் முதல் எழுத்துகளும் பொருந்திவர, பட்டப்பெயராகவே அது அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சொல்லை உலகக் கொள்கையாக்கியவர் ரூஸ்வெல்ட். 1943 ஜனவரி 24 அன்று மொராக்கோவின் காசாபிளாங்காவில், சர்ச்சிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிவித்தார்: ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றும் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும்.

அதற்குக் காரணம் இருந்தது. முதல் உலகப் போர் 1918-ல் போர்நிறுத்த உடன்பாட்டில் முடிந்தது. ஜெர்மன் மண்ணை எதிரிப் படை பிடிக்கவில்லை. அதனால், ‘நம் ராணுவம் தோற்கவே இல்லை, உள்ளூர் துரோகிகள் முதுகில் குத்திவிட்டார்கள்’ என்ற கட்டுக்கதை அங்கே வளர்ந்தது. அந்தக் கதையில் தழைத்தவர்தான் ஹிட்லர். இந்த முறை தோல்வி யாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் என்று நேச நாடுகள் நினைத்ததில் நியாயம் இருந்தது.

ஆனால், அதற்கு விலையும் இருந்தது. இத்தாலியில் முசோலினி 1943 ஜூலை 25-ல் பதவி இழந்தார். இத்தாலி விலகிக்கொண்ட அறிவிப்பு வந்ததோ செப்டம்பர் 8-ல். நடுவில் 45 நாட்கள். சரண் எப்படி, யாரிடம், என்ன வாசகத்தில் என்று பேச்சு இழுத்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் ஜெர்மனி தன் படைகளை இத்தாலிக்குள் இறக்கிவிட்டது. ரோமைப் பிடிக்கவே 1944 ஜூன் வரை ஆனது.

‘நிபந்தனையற்ற’ சரணிலும் நிபந்தனை உண்டு

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நிபந்தனையற்ற சரண் என்று நாம் சொல்லும் பலவற்றில், நுணுக்கமாகப் பார்த்தால், எங்கேயோ ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது.

அதே கிராண்ட், 1865 ஏப்ரல் 9-ல் தெற்கத்திப் படைத்தலைவர் லீயின் சரணை ஏற்றபோது என்ன செய்தார்? அதிகாரிகள் இடுப்புத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்றார். சொந்தக் குதிரை வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போய் உழவைப் பார்க்கலாம் என்றார். பட்டினி கிடந்த எதிரிப் படைக்குச் சாப்பாடும் கொடுத்தார்.

ஜப்பானை எடுத்துக்கொள்வோம். 1945 ஜூலை 26-ன் போட்ஸ்டாம் அறிவிப்பு நிபந்தனையற்ற சரணைக் கேட்டது. ஆனால், ஆயுதம் போட்ட வீரர்கள் வீடு திரும்பலாம் என்ற உறுதியும் அதிலேயே இருந்தது. பேரரசரின் கதி என்ன என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். அந்த மௌனத்தின் நடுவில்தான் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. கடைசியில் பேரரசர் பதவியில் நீடித்தார், நேச நாட்டுத் தளபதியின் அதிகாரத்துக்குக் கீழே. கடைசியில் கொடுக்கத்தான் போகிறோம் என்றால் முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்ற கேள்வியை வரலாற்று ஆசிரியர்கள் இன்றுவரை விடவில்லை.

1982-ல் ஃபாக்லாந்து தீவுகளில் இன்னும் சுவாரசியம். பிரிட்டிஷார் தயாரித்த சரண் பத்திரத்தில் ‘நிபந்தனையின்றி’ என்ற வார்த்தை இருந்தது. அர்ஜென்டினா தளபதி மெனெண்டெஸ் அந்த ஒரு வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். பிரிட்டிஷ் தளபதி ஜெரமி மூர் பேசாமல் வாங்கிக்கொண்டார். தீவு கைக்கு வந்துவிட்டது, சண்டை நின்றுவிட்டது. ஒரு வார்த்தைக்காக இன்னும் நூறு பேரைச் சாகவிட அவர் தயாராக இல்லை.

நம் ஊர் உதாரணம் கோவா. 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழைந்தபோது, கடைசி ஆள் வரை போராடு என்று லிஸ்பனிலிருந்து சலாசார் உத்தரவு போட்டார். அங்கிருந்த கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா அதைக் கேட்கவில்லை. டிசம்பர் 19 அன்று நிபந்தனையின்றிச் சரணடைந்தார். ஆயிரக்கணக்கான போர்த்துகீசிய வீரர்கள் கைதிகளாக இருந்து, 1962-ல் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சொந்த நாடு அவரைத் தண்டித்தது. அவர் காப்பாற்றிய உயிர்கள் மிச்சமிருந்தன.

டாக்கா 1971: கேட்டது சரண், கொடுத்தது உறுதி

சரணடையச் சொல்லி வென்ற கதை என்றால் இந்தியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1971 டிசம்பர் 16. டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பாகிஸ்தானின் ஜெனரல் நியாசி, இந்தியாவின் ஜெனரல் அரோரா முன்னால் கையெழுத்திடும் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். சுமார் 93,000 பேர் கைதிகள்.

படத்தில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கையெழுத்துக்கு முன்பே ஜெனரல் மானெக்‌ஷா வானொலி வழியாகவும் துண்டுப் பிரசுரங்கள் மூலமும் பாகிஸ்தான் வீரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி: ஆயுதத்தைப் போட்டால் ஜெனீவா ஒப்பந்தப்படி மரியாதையாக நடத்தப்படுவீர்கள். நியாசி சண்டையை நிறுத்தக் கேட்டபோது, டிசம்பர் 15 மாலை 5 மணியிலிருந்து விமானத் தாக்குதலை நிறுத்தி, யோசிக்க அவகாசமும் கொடுத்தார்.

சரண் பத்திரத்தை வாசித்துப் பார்த்தால் அதில் கணிசமான பகுதி சரணடைபவருக்கான உறுதிமொழிதான். வீரர்களுக்கு ஜெனீவா ஒப்பந்தப் பாதுகாப்பு. வெளிநாட்டவர், சிறுபான்மையினர், மேற்கு பாகிஸ்தானைச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் அரோராவின் படையே பாதுகாப்பு. இதில் வெறும் பெருந்தன்மை மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது. ஒன்பது மாதம் வங்காளிகளைக் கொன்று குவித்த படை அது. இந்திய ராணுவம் குறுக்கே நிற்கும் என்ற நம்பிக்கை வராமல் இருந்தால், வெளியே காத்திருந்த முக்தி வாஹினியிடம் அந்த வீரர்கள் ஆயுதத்தைக் கொடுத்திருக்கவே மாட்டார்கள். டாக்கா தெருத்தெருவாக எரிந்திருக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தியா சரண் கேட்டது கிழக்கில் மட்டும்தான். மேற்கில், மறுநாளிலிருந்து அமலாகும்படி, தானாக முன்வந்து போர்நிறுத்தம் அறிவித்தார் இந்திரா காந்தி. பாகிஸ்தானையே மண்டியிட வைப்போம் என்று கிளம்பவில்லை. எதைக் கேட்கலாம், எங்கே நிறுத்தலாம் என்ற அளவு தெரிந்திருந்தது.

விலை இல்லாமல் இல்லை. போர்க்குற்றத்துக்காக விசாரிக்கப்பட வேண்டும் என்று வங்கதேசம் பட்டியலிட்ட 195 பாகிஸ்தானியர்களும் 1974 உடன்பாட்டுக்குப் பின் விசாரணையே இல்லாமல் ஊர் திரும்பினார்கள். அந்தக் காயம் டாக்காவில் ஆறியதாகச் சொல்ல முடியாது. சரணடைந்தவருக்கு உயிர் உறுதி கொடுப்பது வேறு, குற்றத்தை மறப்பது வேறு. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இது பாடம்.

சென்னையே சரணடைந்த கதை

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரே சரணடைந்திருக்கிறது.

கூவம் வளைந்து ஓடும் வளைவுக்குள், நெசவாளர்களைக் குடியேற்ற 1734-ல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கம்பெனி உருவாக்கியதுதான் சின்னத் தறிப் பேட்டை. இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. அந்தப் பேட்டைக்கு 12 வயது ஆனபோது, 1746 செப்டம்பரில், பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையை முற்றுகையிட்டார். சில நாள் குண்டுவீச்சிலேயே கவர்னர் நிக்கலஸ் மோர்ஸ் பணிந்தார். ஆனால், வெறுங்கையோடு பணியவில்லை. 11 லட்சம் வராகன் கொடுத்தால் ஊரைத் திருப்பித் தந்துவிடுவேன் என்பது லா பூர்தொனே கொடுத்த வாக்கு.

புதுச்சேரியில் இருந்த டூப்ளேவுக்கு இது பிடிக்கவில்லை. கைக்கு வந்த ஊரைக் காசுக்கு விடுவதா? அக்டோபர் புயலில் கப்பல்கள் சேதமாகி லா பூர்தொனே கிளம்பியதும், டூப்ளே அந்த ஒப்பந்தத்தைச் செல்லாது என்றார். மோர்ஸையும் மற்ற ஆங்கிலேயர்களையும் புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஊர்வலம் விட்டார். புதுச்சேரியின் அன்றைய நடப்புகளைப் பதிந்துவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்த நாட்களையும் விட்டுவைக்கவில்லை.

விளைவு என்ன? ‘எதிர்த்துப் போராட மாட்டோம்’ என்று வாக்குக் கொடுத்திருந்த ஆங்கிலேயர்கள், நீங்களே ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், எங்கள் வாக்கும் செல்லாது என்றார்கள். சிலர் மாறுவேடத்தில் கடலூர் பக்கமுள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பி ஓடினார்கள். அவர்களில் ஒருவர் 21 வயது குமாஸ்தா. பெயர் ராபர்ட் கிளைவ். அவர் பிறகு பேனாவை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்ததும், டூப்ளேயின் கனவு ஆற்காட்டில் சரிந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சென்னையும் டூப்ளேவுக்கு நிலைக்கவில்லை. 1748 ஐரோப்பிய உடன்படிக்கைப்படி மறுவருடமே ஆங்கிலேயரிடம் திரும்பிப் போனது.

1769-ல் மறுபடி. ஹைதர் அலி பரங்கிமலை வரை குதிரையோடு வந்துவிட்டார். கோட்டைக்குள் கதிகலங்கிப்போனார்கள். ஆனால், அவர் கேட்டது ஊரை இல்லை. பிடித்ததைப் பரஸ்பரம் திருப்பிக்கொடுப்போம், யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவுவோம் என்ற உடன்படிக்கை. கையெழுத்தானது. இரண்டே வருடத்தில் மராத்தியர்கள் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி வாக்கை மறந்தது. ஹைதர் மறக்கவில்லை. 1780-ல் திரும்பி வந்தார். காஞ்சிபுரம் பக்கத்தில் பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது.

இரண்டு கதைக்கும் பாடம் ஒன்றுதான். நிபந்தனை கொடுத்ததால் போர் திரும்பி வரவில்லை. கொடுத்த நிபந்தனையைக் காப்பாற்றாததால் வந்தது.

முள்ளிவாய்க்கால்: உறுதி இல்லாத சரண்

இப்போது வலிக்கும் இடத்துக்கு வருவோம்.

2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி வீழ்ந்தது. அதன் பிறகு போர் எந்தப் பக்கம் முடியும் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. கேள்வி, எப்படி முடியும் என்பதுதான். பிப்ரவரி 3 அன்று, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நார்வே அடங்கிய இணைத்தலைமை நாடுகள், ஆயுதத்தைக் கைவிடுவது, பொதுமன்னிப்பு உட்பட சண்டையை முடிக்கும் வழிமுறைகளை அரசோடு பேசுங்கள் என்று புலிகளைக் கேட்டன. அன்றைய பாதுகாப்புச் செயலர் கோத்தபய ராஜபக்ச, நிபந்தனையற்ற சரணுக்குக் குறைந்து எதுவும் இல்லை என்றார். புலிகளின் பதில், போர்நிறுத்தத்துக்குத் தயார், ஆயுதத்தைக் கீழே வைக்கத் தயாரில்லை என்பது.

இரு தரப்பும் சொல்லில் பிடிவாதமாக நின்றபோது, நடுவில் லட்சக்கணக்கான மக்கள் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த தருஸ்மன் குழு 2011-ல் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்ல வேண்டும், பாதியாக இல்லை. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள் மீதும் மருத்துவமனைகள் மீதும் குண்டு வீசியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்துவைத்தார்கள், தப்பியோடியவர்களைச் சுட்டார்கள், சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள். 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பது அந்தக் குழுவின் மதிப்பீடு.

சென்னையில் அந்த நாட்கள் எப்படி இருந்தன என்பது நினைவிருக்கும். ஏப்ரல் 27 காலை, அன்றைய முதல்வர் கருணாநிதி மெரினாவில் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததும் மதியத்துக்குள் எழுந்தார். அதற்குப் பிறகும் குண்டுகள் விழுந்தன என்பதுதான் தருஸ்மன் குழுவின் முடிவு. மே 16, இங்கே தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்ட அதே நாள், ஜோர்டானில் இருந்த மகிந்த ராஜபக்ச ராணுவ வெற்றியை அறிவித்தார். மறுநாள், துப்பாக்கிகளை மௌனிக்கிறோம் என்று புலிகள் தரப்பில் செல்வராசா பத்மநாதன் அறிக்கை விட்டார்.

அதாவது, மூன்று மாதம் கழித்துச் சரண் வந்தேவிட்டது. அப்போது என்ன நடந்தது?

மே 18 அதிகாலை, புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் நடேசனும் சமாதானச் செயலகத்தின் புலித்தேவனும் வெள்ளைக்கொடியோடு ராணுவத்தை நோக்கி வர ஏற்பாடு பேசப்பட்டது. ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியார், வெளிநாட்டுத் தூதர்கள், ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையின் செய்தியாளர் எனப் பலர் வழியாகச் செய்தி போனது. சரணடைபவர்கள் முறையாக நடத்தப்படுவார்கள் என்று கொழும்பிலிருந்து தனக்கு உறுதி சொல்லப்பட்டதாக நம்பியார் பின்னர் தெரிவித்தார். ஆனால், இருவரும் உயிரோடு வரவில்லை. புலிகளே அவர்களைச் சுட்டதாக அரசு சொன்னது. சரணடைய வந்தவர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது தமிழர் தரப்பும் மனித உரிமை அமைப்புகளும் வைக்கும் குற்றச்சாட்டு. இதைப் பற்றிப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்த முன்னாள் ராணுவத் தளபதி சரத் பொன்சேகாவே 2011-ல் ‘வெள்ளைக்கொடி வழக்கில்’ சிறைத்தண்டனை பெற்றார்.

தலைவர்களை விடுங்கள். வட்டுவாகல் பக்கம், அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் முன்னிற்க, குடும்பம் குடும்பமாக ராணுவத்திடம் சரணடைந்தவர்கள் இருக்கிறார்கள். கணவனை, மகனைக் கையைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் சாட்சியாக உயிரோடு இருக்கிறார்கள். திருகோணமலை அரசியல் பொறுப்பாளராக இருந்த எழிலனின் மனைவி அனந்தி சசிதரன் அவர்களில் ஒருவர். பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தோம், பிறகு தகவலே இல்லை என்று வவுனியா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போட்டார்கள். அந்தப் பாதிரியாரும் திரும்பவில்லை. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் தெருவோரப் பந்தலில் படங்களோடு உட்கார்ந்தார்கள். காணாமல்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார், அப்போது அதிபராகியிருந்த கோத்தபய. எப்படி, எங்கே, யார் கையால் என்று சொல்லவில்லை.

புலிகள் உறுப்பினர்கள் 11,000-க்கும் மேற்பட்டவர்கள் புனர்வாழ்வு முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள் என்பதும் உண்மை. ஆகவே சரணடைந்த எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் பிழைப்பார், யார் மறைவார் என்று யாருக்கும் தெரியாத சரண், சரணே இல்லை. அது சீட்டுக் குலுக்கல்.

‘சும்மா விட்டிருந்தால் திரும்ப வந்திருப்பார்கள்’

இதற்கு வரும் எதிர்வாதத்தைக் கேட்காமல் கடந்துபோவது நேர்மை இல்லை. பல போர்நிறுத்தங்கள், பல பேச்சுவார்த்தைகள் நடந்தன. 2002 ஒப்பந்தம் உட்பட ஒவ்வொன்றையும் அடுத்த சுற்றுக்குத் தயாராகவே பயன்படுத்தினார்கள் என்பது சிங்கள மக்கள் பலர் உண்மையாகவே நம்பும் வாதம். அதில் பொய் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 2009-க்குப் பின் அங்கே பழையபடி போர் வரவில்லை என்பதும் உண்மை.

ஆனால், அந்த வாதம் எதை நிரூபிக்கிறது? ஆயுதத்தைப் போடு என்று கேட்டது சரி என்பதை. போட்டவருக்கு உயிர் உறுதி தரக்கூடாது என்பதை இல்லை. மானெக்‌ஷாவும் ஆயுதத்தைப் போடத்தான் சொன்னார். வானொலியில் சொன்னார், எழுதிக் கொடுத்தார், உலகமே பார்க்கும் மைதானத்தில் வாங்கினார். முள்ளிவாய்க்காலில் பத்திரிகையாளர் இல்லை, ஐ.நா. கண்காணிப்பாளர் இல்லை, செஞ்சிலுவைச் சங்கம் இறுதி நாட்களில் உள்ளே போக முடியவில்லை. சாட்சி இல்லாத இடத்தில் வெள்ளைக்கொடி வெறும் துணி.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ‘யாரையும் உயிரோடு பிடிக்க மாட்டோம்’ என்று அறிவிப்பதை 1907 ஹேக் விதிகளே தடை செய்துவிட்டன. உள்நாட்டுப் போராக இருந்தாலும், ஆயுதத்தைக் கீழே வைத்தவரை மனிதாபிமானத்தோடு நடத்த வேண்டும் என்கிறது ஜெனீவா ஒப்பந்தங்களின் பொதுவான 3-வது பிரிவு. அதாவது, சட்டப்படி பார்த்தால் முழுக்க முழுக்க ‘நிபந்தனையற்ற’ சரண் என்று ஒன்று இன்று கிடையாது. சரணடைபவர் நிபந்தனை போடாவிட்டாலும், வாங்குபவர் மேல் நிபந்தனை இருக்கிறது.

இன்றைய போரில் ஏன் இன்னும் கஷ்டம்?

மூன்று காரணங்கள்.

முதலாவது, சரணடைய ஆள் வேண்டும். 1945-ல் பேரரசர் வானொலியில் பேசியதும் லட்சக்கணக்கான ஜப்பான் வீரர்கள் ஆயுதத்தை வைத்தார்கள். இன்றைய போர்கள் பலவற்றில் எதிரே இருப்பது குழுக்கள், கிளைக் குழுக்கள். தலைவர்களை ஒவ்வொருவராகக் கொன்றுவிட்டு, சரணடைங்கள் என்றால் யார் கையெழுத்துப் போடுவது? போட்டாலும் யார் கேட்பது?

இரண்டாவது, அணுகுண்டு. அது வைத்திருக்கும் நாட்டை மூலைக்குத் தள்ளி மண்டியிடச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. 1999 கார்கிலில் எல்லைக்கோட்டைத் தாண்டாமலே இந்தியா போரிட்டது. 2025 மே மாதம் நான்கு நாள் சண்டை, இரு நாட்டு ராணுவ அதிகாரிகள் போனில் பேசி நின்றது. அதில் ஆதங்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால், ‘முழுச் சரண்’ என்ற வழி அங்கே திறந்தே இருக்கவில்லை.

மூன்றாவது, வென்ற பிறகு யார் சோறு போடுவது? ஜெர்மனியையும் ஜப்பானையும் வாங்கியவர்கள் பல வருடம் அங்கேயே இருந்து நாட்டைக் கட்டினார்கள். ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 2001 டிசம்பரில் காந்தகாரை ஒப்படைக்க தாலிபான்கள் கர்சாயிடம் பேசினார்கள். முல்லா ஒமரைக் கண்ணியமாக வாழவிடும் எந்த ஏற்பாட்டுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றார் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட். 2020-ல் அதே தாலிபானோடு தோஹாவில் அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. 2021 ஆகஸ்ட் 15-ல் அவர்கள் காபூலுக்குள் நடந்து வந்தார்கள். அன்று ஏற்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொன்னதற்குக் கிடைத்தது என்ன என்பது மட்டும் தெரிகிறது.

அப்படியானால் எதைக் கேட்கலாம்?

சரணே கேட்கக் கூடாது என்பது என் கட்சி இல்லை. ஹிட்லர் மாதிரி ஒரு ஆட்சியோடு பாதிப்பாதி பேசித் தீர்க்க முடியாது. ஆனால் அந்தக் கோரிக்கையை வைக்கும் எந்த அரசிடமும் நாம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யாரிடம் கேட்கிறீர்கள், அவர் சொன்னால் அவருடைய ஆட்கள் கேட்பார்களா? வருபவரின் உயிருக்கு யார் பொறுப்பு, அதை யார் கண்ணால் பார்க்கப்போகிறார்கள்? மறுநாள் அந்த மக்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

நான்காவதாக ஒரு எச்சரிக்கை. படை சரணடையலாம். மக்கள் சரணடைவதில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அந்தத் துப்பாக்கி எந்தக் குறையிலிருந்து முளைத்ததோ அதையும் சேர்த்துப் புதைத்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார்கள். ஈழத்தில் போர் முடிந்து இத்தனை வருடம் ஆகியும் நிலம், அதிகாரப் பகிர்வு, காணாமல்போனவர்கள் என்று எல்லாக் கேள்வியும் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

சரணாகதி நமக்குப் புதிய வார்த்தை இல்லை. சிந்தாதிரிப்பேட்டை ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போகும் பாட்டிகூடச் சொல்வார், சரணாகதிக்கு மறுபக்கம் அபயம் என்று. எதிரியின் தம்பி விபீஷணன் அடைக்கலம் கேட்டு வந்தபோது, கூட இருந்தவர்கள் சந்தேகப்பட்டும் ராமன் ஏற்றான் என்றுதான் கதை. விழுபவன் எதையும் கேட்காமல் விழலாம். ஆனால் விழச் சொல்பவனுக்குக் கடமை இருக்கிறது. அந்தக் கடமையைக் கழற்றிவிட்டு, விழுவதை மட்டும் கேட்பதுதான் இன்றைய ‘நிபந்தனையற்ற சரண்’ முழக்கங்களில் இருக்கும் கோளாறு.

அன்றைக்கு டீக்கடைத் தம்பி கடைசியில் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது மாஸ்டரிடம் கேட்டார்: “அப்ப என்னதாண்ணே சொல்லணும் அவன்கிட்ட?”

“கத்தியக் கீழ போடு, உன் உசுருக்கு நான் பொறுப்பு. அவ்ளோதான். ஆனா ரெண்டாவதையும் சத்தமா, நாலு பேர் கேக்குற மாதிரி சொல்லணும்.”